இல்லம், குழந்தை, மனிதர்: ஒரு கல்வித்துறையின் மூன்று பெயர்கள்

ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனம் 1947, 1948-ஆம் ஆண்டுகளில் சொல் சொல்லாக விவாதிக்கப்பட்டு உருவானது. அதன் முதல் பிரிவின் ஆங்கில வரைவில் பிறப்பால் சுதந்திரமானவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் ‘ஆண்கள் அனைவரும்’ என்றும் பொருள்படக்கூடிய சொல்லால் சுட்டப்பட்டிருந்தனர். அச்சொல் மனித இனம் முழுவதையும் குறிக்கும் பொதுவழக்கே என்று பலர் கருதினர். இந்தியாவின் பிரதிநிதியாக ஆணையத்தில் அமர்ந்திருந்த ஹன்சா மேத்தா அதை ஏற்கவில்லை. பெண்களுக்கு உரிமை மறுக்க விரும்பும் நாடுகள் அந்தச் சொல்லையே கருவியாக்கும் என அவர் வாதிட்டார். ‘மனிதர் அனைவரும்’ என்ற பொருள்தரும் தொடர் பிரகடனத்தில் இடம்பெற்றதில் அவரது பங்கு இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

அடுத்த ஆண்டு, 1949-இல், பரோடாவில் தொடங்கப்பட்ட மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக அதே ஹன்சா மேத்தா பொறுப்பேற்றார். இருபாலரும் பயிலும் ஓர் இந்தியப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணி அவரே. அவர் காலத்தில் அங்கே உருவான புலங்களுள் ஒன்று மனையியல் புலம். அதனுள் முளைத்த குழந்தை வளர்ச்சித் துறை, பிற்காலத்தில் ‘மனித மேம்பாடு மற்றும் குடும்ப ஆய்வுகள்’ துறை என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிரகடனத்தில் ஆண் என்ற சொல்லை அகற்றி மனிதர் என்ற சொல்லை வைக்கப் போராடியவரின் பல்கலைக்கழகத்தில், மனித மேம்பாட்டைப் பயிலும் துறை பெண்களுக்குரிய பாடமாகவே பிறந்தது. இந்த முரணிலிருந்துதான் இத்துறையின் இந்திய வரலாற்றை வாசிக்கத் தொடங்க வேண்டும். குழந்தையை வளர்ப்பது பயிற்சியும் அறிவும் தேவைப்படும் பணியா, பெண்ணுக்கு இயல்பாகவே கைவரும் வீட்டுவேலையா என்ற வினா அந்த வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

1. இல்லம்

மனையியலுக்கு ஓர் அமெரிக்க முன்னோடி உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் சேர்த்துக்கொண்ட முதல் பெண் மாணவியான எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் வேதியியல் கற்றவர். நீரின் தூய்மை, உணவுக் கலப்படம், வீட்டுக் காற்றோட்டம் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தின் துல்லியத்தோடு ஆராய்ந்தார். 1899 முதல் லேக் பிளாசிட் என்னும் ஊரில் அவரும் தோழியரும் ஆண்டுதோறும் நடத்திய மாநாடுகளின் விளைவாக, அமெரிக்க மனைப் பொருளியல் சங்கம் உருவாயிற்று. வேதியியல் துறைகளில் பேராசிரியர் பதவி பெண்களுக்கு எளிதில் கிட்டாத காலம் அது. வீட்டை ஆய்வுப் பொருளாக்கியதன் மூலம் அறிவியல் கற்ற பெண்கள் தமக்கென ஒரு துறையை, பேராசிரியர் பதவிகளை, ஆய்வுக்கூடங்களைப் பெற்றனர்.

இந்தியாவில் இச்சிந்தனை வேறொரு தேவையோடு சேர்ந்துகொண்டது. 1927 ஜனவரியில் பூனாவில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் முதன்மை நோக்கம் கல்விச் சீர்திருத்தம். அதைக் கூட்டுவதில் முன்னின்றவர் அடையாறில் வாழ்ந்த மார்கரெட் கசின்ஸ். இவ்வியக்கத்தின் பயனாக 1932 நவம்பரில் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி திறக்கப்பட்டது. பெண்கள் உயர்கல்வி பெற்றால் இல்லறம் கெடும் என்ற அச்சம் பரவலாக இருந்த நாட்களில், இல்லறத்தையே கற்பிக்கும் கல்லூரி என்ற விளக்கம் தகப்பன்மாருக்கு ஏற்புடையதாக இருந்தது. அந்த விளக்கத்தின் மறைவில் உடலியங்கியல், ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல், உளவியல் ஆகிய பாடங்கள் பெண்களின் கைக்கு வந்தன.

தெற்கே கோயம்புத்தூரில் தி. சு. அவினாசிலிங்கம் 1957-இல் தொடங்கிய மகளிர் மனையியல் கல்லூரிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ராஜம்மாள் பி. தேவதாஸ் அதை ஊட்டச்சத்து ஆய்வின் முக்கிய மையங்களுள் ஒன்றாக வளர்த்தார். 1988-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

ஆயினும் கதவைத் திறந்த அதே விளக்கம் பின்னர் ஒரு வேலியாகவும் நின்றது. மனையியல் படிப்பவள் நல்ல மருமகளாவாள் என்ற பேச்சு, அத்துறையின் ஆய்வைப் பிற துறையினர் பொருட்படுத்தாமல் விடுவதற்குப் போதுமான காரணமாயிற்று.

2. முற்றம்

பல்கலைக்கழகத்துக்கு வெளியே அதே ஆண்டுகளில் மற்றொரு நீரோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேகா 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தின் சார்பில் பால மந்திரைத் தொடங்கினார். அவரோடு இணைந்து பணியாற்றிய தாராபாய் மோடக், 1926-இல் உருவான நூதன் பால சிட்சண சங்கத்தின் தூண்களுள் ஒருவர். மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து, போர்க் காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவரது முறை குஜராத்தி மொழியில் உருமாறத் தொடங்கியிருந்தது.

1945-இல் தாராபாய் மோடக் இன்றைய மகாராஷ்டிரத்தின் கடலோரச் சிற்றூரான போர்டிக்குச் சென்றார். அங்கே நகரத்து மாண்டிசோரிப் பள்ளியின் விலையுயர்ந்த கருவிகளுக்கு வழியில்லை. வறிய குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியைத் தேடி வரவுமில்லை. எனவே பள்ளி குழந்தைகளைத் தேடிச் சென்றது. குடியிருப்பின் முற்றத்தில், கூழாங்கல், விதை, இலை, சிப்பி ஆகியவற்றையே கருவிகளாகக் கொண்டு வகுப்பு நடந்தது. குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, பாடுவது, எண்ணுவது எல்லாம் அதன் பாடத்திட்டம். அதற்கு இடப்பட்ட பெயர் அங்கன்வாடி. தமிழிலும் அங்கணம் என்ற சொல்லுக்கு முற்றம் என்ற பொருள் உண்டு. பின்னர் கோஸ்பாட் குன்றில் அனுதாய் வாக் அவர்களோடு சேர்ந்து மோடக் இப்பணியை வார்லி பழங்குடியினரிடையே விரிவாக்கினார்.

குழந்தை தன் சூழலில் கிடைப்பதைக் கொண்டே வளர்கிறது. ஆகவே கல்வி அந்தச் சூழலை அறிந்திருக்க வேண்டும் என்பதைப் போர்டியின் முற்றம் செயலில் காட்டியது. ஆய்வுத் துறை இதே முடிவுக்கு வந்து சேர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

3. குழந்தை

பரோடாவில் மனையியல் புலம் உருவான தொடக்க நாட்களில், ஃபுல்பிரைட் நிதியுதவியோடு அங்கு வந்து அதன் திட்டமிடலில் பங்கேற்றவர் ஃபிளெமி கிட்ரெல். அவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கறுப்பினப் பேராசிரியர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்க அறிவை இந்தியாவுக்குக் கொண்டுவந்த அவருக்கு, அவரது சொந்த நாட்டின் பல மாநிலங்களில் வெள்ளையரோடு ஒரே மேசையில் உண்ணும் உரிமை அப்போது இருக்கவில்லை. ‘அமெரிக்க மாதிரியை இந்தியா நகலெடுத்தது’ என்ற ஒற்றைவரி விளக்கம் இத்தகைய மனிதர்களை வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறது.

குழந்தை வளர்ச்சித் துறைகளுக்கு ஆய்வுக்கூடம் என்பது மழலையர் பள்ளிதான். பரோடாவிலும் டெல்லியிலும் துறையோடு இணைந்த மழலையர் பள்ளிகள் இயங்கின. மாணவி குழந்தைகளின் நடுவே அமர்ந்து, எந்தக் குழந்தை யாரோடு விளையாடியது, எப்போது அழுதது, அழுகை எப்படி அடங்கியது என்பதைக் குறிப்பேட்டில் பதிவுசெய்வாள். தீர்ப்புச் சொல்லாமல் கண்டதை மட்டும் எழுதுவதே முதற்பாடம். ‘பிடிவாதக்காரக் குழந்தை’ என்று எழுதினால் திருத்தப்படும். ‘பொம்மையை மூன்று முறை கேட்டான், கிடைக்காதபோது தரையில் படுத்தான்’ என்று எழுத வேண்டும்.

இந்தக் கவனிப்பிலிருந்து ஒரு பெரிய கேள்வி எழுந்தது. இந்தியக் குழந்தையின் வளர்ச்சி சரியாக உள்ளது என்று எதை வைத்துச் சொல்வது? தலை நிமிர்வது, உட்கார்வது, நிற்பது, பொருளைக் கைமாற்றுவது ஆகியவற்றுக்கான மாதக்கணக்குகள் அமெரிக்கக் குழந்தைகளிடமிருந்தே பெறப்பட்டிருந்தன. பெர்க்லி நகரில் நான்சி பெய்லி பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய அளவுகோலே அவற்றுள் புகழ்பெற்றது. பரோடாவில் பிரமிளா ஃபடக் அந்த அளவுகோலை எடுத்து, இந்தியக் குழந்தைகளிடம் ஒவ்வொரு செயலையும் சோதித்து, இந்த மண்ணுக்குரிய மாதக்கணக்குகளை வகுத்தார். பிறந்த முதல் மாதம் தொடங்கி முப்பது மாதம் வரையிலான குழந்தைகளின் மன வளர்ச்சியையும் இயக்க வளர்ச்சியையும் அளக்கும் அந்தப் பணி 1970-ஐ ஒட்டி நிறைவு பெற்றது. ‘பரோடா நியமங்கள்’ என்ற பெயரில் அது குழந்தை மருத்துவர்களிடையே பரவியது.

அதன் பயணம் அங்கேயே நிற்கவில்லை. பரோடா நியமங்களிலிருந்து பதினேழு செயல்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருவனந்தபுரத்தில் ஒரு வளர்ச்சிச் சோதனைப் படம் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. பட்டையின் இடப்புற முனை, நூற்றுக்கு மூன்று குழந்தைகள் அச்செயலைச் செய்துவிடும் வயது. வலப்புற முனை, தொண்ணூற்றேழு குழந்தைகள் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடப்புறமாக முடிந்துவிட்ட செயல்களுள் ஏதேனும் ஒன்றைக் குழந்தை செய்யவில்லையா என்று சில நிமிடங்களில் கண்டறியலாம். மருத்துவப் பட்டம் இல்லாத கிராமப் பணியாளரும் இதைப் பயன்படுத்த முடியும். வீட்டுவேலைப் படிப்பு என்று இகழப்பட்ட துறை நாட்டுக்குத் தந்த கொடைகளுள் இது ஒன்று.

4. பாடம் யாருக்கு?

1960-களின் தொடக்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் தேவையா என்று ஆராயத் தேசியப் பெண்கல்விக் குழு ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைமையேற்றவர் ஹன்சா மேத்தா. 1964-இல் வெளிவந்த அறிக்கை, ஆண்பால் பெண்பால் என்ற அடிப்படையில் பாடங்களைப் பிரிப்பதை நிராகரித்தது. உளவியல் வேறுபாடுகளாகக் கருதப்படுபவற்றுள் பல சமூகம் உண்டாக்கியவை என்றது. மனையியலின் அடிப்படைகளைச் சிறுவரும் சிறுமியரும் பொதுவாகக் கற்கலாம் என்பது அக்குழுவின் நிலைப்பாடு. அடுத்து வந்த கோத்தாரி ஆணையம் இப்பரிந்துரைகளை வரவேற்று, மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்க வேண்டியதில்லை என்றும் கூறியது.

பரிந்துரை ஏட்டில் நின்றது. பள்ளிகளில் மாணவிகளுக்கு மனையியலும் மாணவர்களுக்கு வேறு பாடமும் என்ற வழக்கம் நெடுங்காலம் தொடர்ந்தது. மனையியலுக்கு முதற்கூரை அமைத்துத் தந்தவர்களுள் ஒருவரே அக்கூரையின் கீழ் ஆண்களும் வர வேண்டும் என்று கேட்டும் அது நடக்கவில்லை. இதன் விளைவு ஒரு தலைமுறையோடு முடியவில்லை. குழந்தை எப்படி வளர்கிறது என்பதை முறையாகக் கற்ற தந்தையர், ஆட்சியர், நிதித்துறை அலுவலர் ஆகியோர் நாட்டில் மிக அரிதாயினர். அத்துறைக்கு நிதி ஒதுக்கும் இடங்களில் அமர்ந்திருந்தவர்கள் அதைக் கல்லாதவர்களே.

5. குடும்பம்

துறையின் பெயரில் குடும்ப ஆய்வுகள் என்ற சொல் சேர்ந்ததை வெறும் அலுவலக மாற்றம் எனக் கொள்ளலாகாது. குழந்தையைத் தனித்து அளந்தால் போதாது என்ற உணர்வு உலகெங்கும் வலுத்துவந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் யூரி பிரான்ஃபென்பிரென்னர், குடும்பம், பள்ளி, பெற்றோரின் பணியிடம், அரசின் கொள்கை என ஒன்றையொன்று சூழ்ந்த அடுக்குகளுக்குள் குழந்தை வளர்கிறது என்ற கோட்பாட்டை 1979-இல் விரிவான நூலாக்கினார்.

இந்திய ஆய்வாளர்கள் அந்த அடுக்குகளுக்குள் சாதியையும் தொழிலையும் வர்க்கத்தையும் கண்டனர். லேடி இர்வின் கல்லூரியின் எஸ். ஆனந்தலட்சுமி உடன் ஆய்வாளர் ஒருவருடன் வாரணாசியின் நெசவாளர் சமூகத்தில் குழந்தைமையை ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் ஒரு முன்னோடி. வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கும் இடத்தில், விளையாட்டு எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இயலாது. சிறுவன் தறியை நோக்கியும், சிறுமி வீட்டுக்குள் நடக்கும் துணைவேலைகளை நோக்கியும் நகர்த்தப்படுகிறார்கள். பாடநூல்கள் கூறும் கட்டங்களின்படி அந்தக் குழந்தைமை அமைவதில்லை.

பரோடாவின் டி. எஸ். சரஸ்வதி 1999-இல் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார். வளரிளம் பருவம் என்ற தனிக்கட்டம் இந்தியாவில் உண்மையிலேயே உள்ளதா என்று அவர் கேட்டார். உயர் வருவாய்க் குடும்பத்து இளைஞனுக்குப் படிப்பும் தேடலும் தயக்கமும் நிறைந்த ஓர் இடைவெளி கிடைக்கிறது. வறிய குடும்பத்துச் சிறுமிக்கோ குழந்தைமையும் வயதுவந்த வாழ்வும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. தம்பியைச் சுமந்த இடுப்பே சில ஆண்டுகளில் தன் பிள்ளையைச் சுமக்கிறது. ஒரு வாழ்க்கைக் கட்டம் உடலின் வளர்ச்சியால் மட்டும் கிடைப்பதில்லை, அதற்கு வசதியும் பாலினமும் இடம் கொடுக்க வேண்டும் என்பது இதன் சாரம். பரோடா நியமங்கள் அமெரிக்க மாதக்கணக்கை அப்படியே ஏற்க மறுத்தன என்றால், இந்த ஆய்வுகள் வாழ்க்கைக் கட்டங்களின் பட்டியலையே அப்படியே ஏற்க மறுத்தன.

6. பணி

1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு, பள்ளிமுன் பருவக் குழந்தைகளைப் பற்றிய அறிக்கையை அளித்தது. உணவு, நலவாழ்வு, கல்வி ஆகிய மூன்றும் வறிய குழந்தையை ஒன்றாகச் சென்றடைய வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் உருப்பெற்றது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. போர்டியின் முற்றத்தில் பிறந்த அங்கன்வாடி என்ற சொல் நாடு முழுவதற்குமான அரசுச் சொல்லாயிற்று. மனையியல் கல்லூரிகளின் பட்டதாரிகள் இத்திட்டத்தின் மேற்பார்வையாளர்களாகவும் பயிற்றுநர்களாகவும் மதிப்பீட்டாளர்களாகவும் பணிபுரிந்தனர்.

ஆனால் மையத்தை நடத்தும் பெண்ணை அரசு ஊழியர் எனக் கொள்ளவில்லை. தொண்டு மனப்பான்மையோடு உழைக்க முன்வந்த உள்ளூர்ப் பெண் அவர். அவருக்குத் தரப்படுவது ஊதியமன்று, மதிப்பூதியம். 2018-இல் உயர்த்தப்பட்ட பின்னரும் ஒன்றிய அரசு வகுத்த தொகை பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. எடை பார்த்தல், வளர்ச்சிப் பதிவு, தாய்மார்க்கு ஆலோசனை, உணவு வழங்கல், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கல்வி என அவரது கடமைப் பட்டியல் ஒரு முதுகலைப் பாடத்திட்டத்தின் உள்ளடக்கத்தை ஒத்திருக்கும். அங்கன்வாடிப் பணியாளர் சட்டப்படியான அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனையியல் கல்லூரிக்குப் பெண்களை அனுப்பிய அதே நம்பிக்கைதான் இங்கும் செயல்படுகிறது. குழந்தை வளர்ப்பு பெண்ணின் இயல்பு என்றால், அதைக் கற்பிக்கும் துறை இரண்டாந்தரமானது. அதைச் செய்பவருக்குக் கூலி தேவையில்லை, மரியாதை போதும். பேராசிரியைக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் இடையே வர்க்கத்தாலும் சாதியாலும் பெரிய தூரம் உண்டு. இருவருடைய அறிவும் அறிவாகக் கணக்கிடப்படாமல் போனதற்குக் காரணம் மட்டும் ஒன்றே.

இந்த நம்பிக்கையின் மீது சட்டத்தின் அடி குஜராத்திலிருந்தே விழுந்தது. தாகோத் மாவட்டத்தில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டனர். அது அவர்களுக்குப் பொருந்தாது என்று உயர் நீதிமன்ற அமர்வு கூறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2022 ஏப்ரல் 25 அன்று வந்த தீர்ப்பு, 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும் என்றது. இத்துறை மாணவர்கள் கவனிக்க வேண்டியது அதன் காரணங்களுள் ஒன்றை. அங்கன்வாடியில் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளோடு நடப்பது கல்விப் பணியே, அங்கே கற்பிப்பவர்கள் அந்தப் பெண்களே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முற்றத்தில் சிப்பிகளை எண்ண வைப்பதும் கற்பித்தலே என்று தாராபாய் மோடக் 1945-இல் செயலில் காட்டிய ஒன்று, சட்டத்தின் மொழியில் எழுதப்பட எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முதன்முறையாக மூன்று வயதிலிருந்தே கல்வியின் அடித்தளத்தைக் கணக்கிடுகிறது. அதற்காக மேல்நிலைக் கல்வி முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பையும், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் முன்மொழிகிறது. குழந்தை வளர்ப்புக்குப் படிப்பு தேவை என்பது இவ்வாறு கொள்கையளவில் ஏற்கப்பட்டுவிட்டது. படித்து முடித்த பின் அப்பெண்ணின் கையில் தரப்படுவது ஊதியமா மதிப்பூதியமா என்பதை அக்கொள்கை சொல்லவில்லை. மனித மேம்பாட்டுத் துறைகளின் வகுப்பறைகளில் இன்றும் பெரும்பான்மையினர் மாணவிகள். ஹன்சா மேத்தா குழுவின் 1964-ஆம் ஆண்டு அறிக்கை அவர்களின் பாடத்திட்டத்தில் இடம்பெறுவதும், அவ்வகுப்பறைகளில் ஆண் மாணவர்கள் வந்து அமர்வதும், துறையின் பெயரில் உள்ள ‘மனித’ என்ற சொல் கோரும் குறைந்தபட்சக் கடமைகள்.